டார்க் கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் எப்படி ஓடுகிறது? பிளேடு வடிவமைப்பில் சிமுலேஷன்

[காட்சி: பெங்களூரு, சில்க் போர்டு சந்திப்பு, மாலை நேர நெரிசல்]

ஓசூர் சாலையில் ஊர்ந்து வரும் ஓர் ஆட்டோமேட்டிக் காரின் ஓட்டுநர், முன்னால் பேருந்து நிற்பதைக் கண்டு பிரேக்கை மிதிக்கிறார். கியர் 'டி' நிலையிலேயே இருக்கிறது, சக்கரங்கள் நின்றுவிட்டன, எஞ்சினோ நிமிடத்துக்கு 700, 800 சுற்றுகள் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. சாதாரண கியர் வண்டியை கிளட்சை மிதிக்காமல் இப்படி நிறுத்தினால் எஞ்சின் அணைந்துவிடும். இங்கே அணையாததற்குக் காரணம், எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே இரும்புப் பிணைப்புக்குப் பதிலாக எண்ணெய் இருப்பதுதான்.

[காட்சி: டார்க் கன்வெர்ட்டரின் குறுக்குவெட்டு]

ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் காப்புரிமை பெற்ற, டார்க் கன்வெர்ட்டர் என்னும் இந்த ஏற்பாடு, முதலில் கப்பலின் நீராவி டர்பைனை உந்துசுழலியோடு இணைப்பதற்காகப் பிறந்தது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பம்ப், எண்ணெயை வெளிவிளிம்பை நோக்கி வீசுகிறது; எதிரில் உள்ள டர்பைன் அதை வாங்கிக்கொண்டு கியர்பெட்டியின் தண்டைச் சுழற்றுகிறது; மையத்தின் அருகே வெளியேறும் எண்ணெயை, பம்ப் சுற்றும் திசைக்கே மடக்கி அனுப்புகிறது ஸ்டேட்டர். இந்த மடக்குதலால்தான் வண்டி புறப்படும் கணத்தில் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. ஸ்டேட்டர் இல்லாத கன்வெர்ட்டர் வெறும் ஃப்ளூயிட் கப்ளிங். வாங்கியதைக் கொடுக்குமே தவிர, கூட்டிக் கொடுக்காது.

[காட்சி: பெங்களூருவின் தொழிற்பேட்டையான பீண்யாவில் ஒரு பட்டறை மேசை, வெட்டித் திறந்த கன்வெர்ட்டர்]

பம்பிலும் டர்பைனிலும் உள்ள பிளேடுகள் அச்சில் அழுத்திய மெல்லிய எஃகுத் தகடுகள். ஸ்டேட்டரின் பிளேடு அப்படியன்று. வார்ப்பு அலுமினியத்தில், விமான இறக்கையைப் போல, தடித்து உருண்ட மூக்கோடு இருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

இந்த மூக்கு ஏன் உருண்டிருக்கிறது என்பதில்தான் வடிவமைப்பின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. டர்பைன் நின்றிருக்கும்போது அதிலிருந்து வரும் எண்ணெய், பம்ப் சுற்றும் திசைக்கு எதிராகச் சாய்ந்து ஸ்டேட்டரின் மேல் மோதுகிறது. டர்பைன் வேகமெடுக்க எடுக்க அதே எண்ணெய் மெல்லத் திசை மாறி, கடைசியில் பிளேடின் முதுகுப்புறத்தைத் தொடுகிறது. அந்த நிலையில், ஸ்டேட்டரை ஒரு திசையில் மட்டும் சுற்றவிடும் ஒருவழி கிளட்ச் விட்டுக்கொடுத்து, ஸ்டேட்டரும் சேர்ந்து சுற்றத் தொடங்குகிறது. இரண்டு நிலைகளுக்கும் இடையே எண்ணெய் வரும் கோணம் 90 டிகிரிக்கு மேல் மாறுகிறது. ஒரு கோணத்துக்குப் பொருந்திய கூர்மையான பிளேடு, மற்றொரு கோணத்தில் ஓட்டத்தைக் கிழித்துச் சுழல்களை உண்டாக்கிவிடும்.

[காட்சி: கணினித் திரையில் வண்ணக் கோடுகளாக எண்ணெய் ஓட்டம்]

மூடிய உறைக்குள் நடக்கும் இதைக் கண்ணால் பார்க்க வழியில்லாததால், பிளேடுகளுக்கு இடையிலான வழியை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் திரவ ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைக் கணினி தோராயமாகத் தீர்க்கிறது. எல்லாப் பிளேடுகளையும் கணக்கிட வேண்டியதில்லை. ஒவ்வோர் உறுப்பிலும் ஓர் இடைவெளியை மட்டும் எடுத்து, உறுப்புகள் சந்திக்கும் எல்லையில் ஓட்டத்தைச் சராசரியாக்கி அடுத்ததற்குக் கொடுக்கலாம். வேகமான முறைதான், ஆனால் முந்தைய பிளேடு விட்டுச்செல்லும் சுழல்தடம் அந்தச் சராசரியில் கரைந்துபோகும் என்பதை மறந்துவிடக் கூடாது.

உள்ளீட்டிலும் கவனம் வேண்டும். நான் ஒருமுறை எண்ணெயின் பாகுத்தன்மையை 40 டிகிரி செல்சியஸுக்கு உரியதாகவே விட்டுவிட்டேன். ஓடிச் சூடேறிய கியர்பெட்டியில் எண்ணெய் 100 டிகிரியை நெருங்கும்போது பாகுத்தன்மை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இரண்டு இரவுகள் ஓடிய கணக்கு வீணானது.

[காட்சி: ஸ்டேட்டரின் வெளியேறு கோணம் மெல்ல மாறுதல்]

கணக்கு நம்பகமானதும் தேடல் தொடங்குகிறது. மூன்று உறுப்புகளிலும் எண்ணெய் நுழையும் கோணம், வெளியேறும் கோணம் ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சில நூறு வடிவங்களைக் கணக்கிட்டு, அவற்றிலிருந்து ஒரு கணித மாதிரியை அமைத்து, அதன் மீது மரபணு வழிமுறையை, அதாவது நல்ல வடிவங்களைக் கலந்து மேலும் நல்லவற்றைத் தேடும் கணினி முறையை, ஓடவிடுகிறார்கள். ஆனால் எல்லா வகையிலும் சிறந்த ஒரே வடிவம் கிடைப்பதில்லை. ஸ்டேட்டரின் வெளியேறு கோணத்தைக் கூட்டினால் முறுக்குவிசை அதிகம் பெருகும். அதே வேளையில் பம்ப் எஞ்சினிடமிருந்து வாங்கும் சுமை குறைந்து, எஞ்சின் வீணாக உறுமத் தொடங்கும். விட்டத்தைக் கூட்டி இதை ஈடுகட்டலாமே என்றால், சுமை தாங்கும் திறன் விட்டத்தின் ஐந்தாம் படியைப் பொறுத்தது என்பதால் 10 விழுக்காடு கூட்டினாலே போதும், திறன் 61 விழுக்காடு உயரும். ஆனால் முன்சக்கர இயக்கக் காரின் பானெட்டுக்குள் அந்த இடம் எங்கே இருக்கிறது?

கணினி தரும் வடிவத்தை வார்ப்பட அறை ஏற்க மறுப்பதும் உண்டு. சுழலும் அச்சின் திசையில் வார்ப்பை உருவ வேண்டியிருப்பதால், முன்னிருந்து பார்க்கையில் ஒரு பிளேடு அடுத்ததை மறைத்தால் வார்ப்பச்சு வெளியே வராது. இந்த வரம்பைத் தொடக்கத்திலேயே கணினிக்குச் சொல்லிவிடுவது நல்லது.

[காட்சி: டைனமோமீட்டர் அறை, வரைபடத்தில் இரண்டு கோடுகள்]

கடைசிச் சோதனை, முறுக்குவிசையை அளக்கும் டைனமோமீட்டரில். டர்பைனுக்கும் பம்புக்கும் இடையிலான பெரும்பாலான வேக விகிதங்களில் கணக்கும் அளவீடும் ஒட்டிச் செல்கின்றன. டர்பைன் அசையாமல் எஞ்சின் முழுவீச்சில் இழுக்கும் நிலையில் மட்டும் அளந்த சுமைத்திறன் கணக்கிட்டதைவிடக் கீழே இறங்கக்கூடும். அந்த உருண்ட மூக்கின் முதுகுப்புறத்தில் அழுத்தம் மிகவும் தாழ்ந்து எண்ணெயில் ஆவிக் குமிழ்கள் தோன்றுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். எண்ணெயை மட்டும் கொண்டு போட்ட கணக்கில் குமிழ்களுக்கு இடமில்லை. ஆகவே ஆவியையும் சேர்த்து, ஸ்டேட்டரின் மூக்கிலிருந்தே கணக்கை மறுபடியும் தொடங்க வேண்டியிருக்கிறது.