130 டாலருக்கு சன்ஷின்! அப்புறம் அந்த 550 பன்றிகள்

வணக்கம் மக்களே. இங்கே ஹவாயில் நடந்த ஒகினாவா திருவிழா வீடியோ போட்டதிலிருந்து கீழே ஒரே கேள்வி: "அக்கா, எல்லாரும் ஜப்பான்காரர்கள்தானே, ஒகினாவாவுக்கு மட்டும் எதற்குத் தனியாக ஒரு விழா?" ஒன்றிரண்டு பேர் என்றால் பேசாமல் விட்டிருப்பேன். வரிசையாக வந்ததில் எரிச்சலாகிவிட்டது. அதனால் உட்கார்ந்து பேசிவிடலாம்.

அதற்கு முன்னால் இதைப் பாருங்கள். சன்ஷின்! மூன்று தந்தி, நீளக் கழுத்து, ஒகினாவாவின் உயிர் வாத்தியம். வாய்ப்பாஹூவில் ஒரு கராஜ் சேலில் பிடித்தேன். அந்தப் பாட்டி 180 சொன்னார். நான் 120 என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பக்கத்தில் கிடந்த பூந்தொட்டியை விலை கேட்பது போல ஒரு சுற்றுப் போய்வந்து நின்றேன். 130-க்கு முடிந்தது. பெட்டியோடு! பேரம் பேசாமல் நான் வாங்கமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன. மேலே இருப்பது வழக்கமான மலைப்பாம்புத் தோல் இல்லை, பாம்பு வரி அச்சடித்த செயற்கைத் தோல். எனக்கு அதுதான் பிடிக்கும். அசல் தோல் காற்று வறண்டால் வெடிக்கும், நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதிக் காகிதம் கேட்பார்கள். பிரடை மட்டும் கொஞ்சம் நழுவுகிறது. சாக்பீஸ் தேய்த்திருக்கிறேன்.

சரி, கேள்விக்கு வருவோம். ஜப்பானுக்குத் தெற்கே இருக்கும் தீவுக்கூட்டமான ஒகினாவா 1879 வரை ரியூக்யூ என்ற தனி அரசு. அதற்கென்று ராஜா, அரண்மனை, பேச்சு எல்லாம் இருந்தன. பிறகுதான் ஜப்பான் தன்னுடைய மாநிலமாக ஆக்கிக்கொண்டது. ஹிரோஷிமா, யமகுச்சி பக்கத்து ஆட்கள் 1885-லேயே அரசு ஒப்பந்தத்தில் ஹவாய் கரும்புத் தோட்டங்களுக்கு வந்துவிட்டார்கள். ஒகினாவாவிலிருந்து முதல் 26 பேர் ஹொனலூலுவில் இறங்கியது 1900 ஜனவரி 8-இல்தான். நேரே ஏவா தோட்டத்துக்கு, கரும்பு வெட்ட.

பிந்தி வந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தோட்டத்து வெள்ளைக்கார லூனா, அதாவது கங்காணி, ஒரு பக்கம் விரட்டினான் என்றால், மற்ற ஜப்பானியர்கள் இன்னொரு பக்கம் மட்டம் தட்டினார்கள். பேச்சு புரியவில்லை என்று கேலி. பெண்களின் கையில் குத்தியிருந்த பச்சையைப் பார்த்துக் கேலி. பன்றி வளர்க்கிறவர்கள் என்று பிள்ளைகள் பாட்டே கட்டிப் பாடியிருக்கிறார்கள். கையை மறைத்துக்கொண்டே வாழ்ந்த பாட்டிகள் உண்டு. இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

அந்தப் பன்றிதான் கடைசியில் கைகொடுத்தது. பன்றிப் பண்ணை, சாப்பாட்டுக் கடை என்று ஒகினாவாக்காரர்கள் சொந்தக் காலில் நின்றார்கள். 1945-இல் போர் ஒகினாவாவைத் தரைமட்டமாக்கியது. ஊரில் பன்றிகள் கிட்டத்தட்ட இல்லாமலே போயின. ஹவாயில் இருந்தவர்கள் காசு திரட்டினார்கள். ஏறத்தாழ 50,000 டாலர்! நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் 550 பன்றிகளை வாங்கி, போர்ட்லண்டில் கப்பல் ஏற்றி, கூடவே ஏழு பேரையும் அனுப்பினார்கள். புயலில் சிக்கி, ஒருவழியாக 1948 செப்டம்பரில் அங்கே போய்ச் சேர்ந்தன. ஏழு பேர், 550 பன்றி, நடுக்கடலில் புயல்! நம்மால் ஒரு பூனையைக் காரில் ஏற்றி மருத்துவரிடம் கொண்டுபோக முடியவில்லை.

அந்த நிவாரண வேலைதான் இவர்களை ஒன்றுசேர்த்தது. 1951-இல் எல்லா ஊர்ச் சங்கங்களுக்கும் பொதுவாக ஒரு சங்கம் வந்தது. இன்று அதன் கீழே ஐம்பது மன்றங்கள்போல இருக்கின்றன, பெரும்பாலும் தாத்தா பாட்டி பிறந்த ஊரின் பெயரிலேயே. வாய்ப்பியோவில் நான் உங்களைக் கூட்டிப்போன ஹவாய் ஒகினாவா மையம் இவர்கள் கட்டியதுதான், 1990-இல். வாசலில் அந்த ஷீஸா சிங்கங்கள், ஞாபகம் இருக்கிறதா?

ஆங், தோயாமா க்யூஸோவை விட்டுவிட்டேனே. அந்த முதல் 26 பேரை அனுப்ப அரசாங்கத்தோடு மல்லுக்கட்டியவர் அவர்தான். கின் என்ற ஊர்க்காரர். அங்கே அவருக்குச் சிலை இருக்கிறது.

அதற்காக மற்ற ஜப்பானியர் தங்கள் பழக்கவழக்கம் எதையும் காப்பாற்றவில்லை என்று சொல்லவில்லை. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை ஏதாவது ஒரு புத்தக் கோயிலில் பான் நடனம், அதாவது முன்னோரை நினைத்து வட்டமாக ஆடும் ஆட்டம், இருக்கும், இப்போது ஒகினாவா பறையும் அதே வட்டத்தில் முழங்குகிறது. எனக்கு அந்தப் பறைதான். மற்றதெல்லாம் ரொம்ப மெதுவு.

இன்னொரு விஷயமும் பலர் கேட்டீர்கள்: ஒகினாவா ரத்தம் இல்லாதவர்களைச் சேர்ப்பார்களா? தாராளமாக. மனதால் ஒகினாவாக்காரர் என்று சொல்லி உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ஆனால் வேலை வாங்குவார்கள்! திருவிழாவில் அண்டாகி போடும் இடத்தில் என்னை நிற்கவைத்தார்கள். நம்ம டீக்கடை வெட்டு கேக்கை உருட்டிப் போட்டதுபோல இருக்குமே, அதுதான். மாவைக் கையில் எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கி எண்ணெயில் விடவேண்டும். பக்கத்தில் இருந்த தாத்தா போட்டதெல்லாம் உருண்டை. என்னுடையதற்கு எல்லாம் வால். அவர் என்னைப் பொட்டலம் கட்டும் மேசைக்கு அனுப்பிவிட்டார்.

அடுத்த வீடியோவில் வீட்டிலேயே அண்டாகி போடுகிறேன். சர்க்கரை குறைக்கலாமா, ஏர் ஃப்ரையரில் செய்யலாமா என்று யாரும் கேட்காதீர்கள். கூடாது.