கரிசல் மண்ணில் வீடு, சுவரில் விரிசல்: பூசுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

[காட்சி: ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல். கொத்தனார் அதில் சிமெண்டுக் கலவையை அப்புகிறார்.]

இந்த வேலையை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். கோவில்பட்டி, விருதுநகர், அருப்புக்கோட்டை வட்டாரத்தில் கரிசலில் வீடு கட்டியவர்களுக்கு இது பழகிய காட்சி. சித்திரையில் விரிசல் தெரியும். பூசி வெள்ளையடிப்பார்கள். அடுத்த சித்திரையில் அதே இடத்தில் அதே கோடு. கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை. சுவருக்குக் கீழே மண் இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது.

[காட்சி: கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் நிலம்]

கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். தகடு தகடாக அமைந்த இதன் இடுக்குகளில் நீர் புகுந்தால் மண் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீட்டின் நடுப்பகுதியைத் தரை மூடியிருப்பதால் அங்கே ஈரம் அதிகம் மாறுவதில்லை. ஓரங்கள்தான் ஐப்பசி மழையில் உப்பி, கோடையில் இறங்குகின்றன. நடு நிற்க மூலை இறங்கினால், செங்கல் சுவர் இழுபடும். அமுக்கத்தை எவ்வளவோ தாங்கும் செங்கல் கட்டு, இழுப்பைத் தாங்காது. கதவு, ஜன்னல் மூலைகளில் முதலில் கிழியும்.

ஆனால் எல்லா விரிசலும் அஸ்திவாரத்திலிருந்து வருவதில்லை. பூச்சில் மட்டும் வலைபோல ஓடும் மயிரிழைக் கோடுகள் பூச்சு காய்ந்ததால் வந்தவை. மொட்டை மாடித் தளத்துக்குச் சற்றுக் கீழே படுக்கையாக ஓடுவது பெரும்பாலும் வெயிலில் தளம் விரிவதால் வருவது. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேராக நிற்கும் கோடு, இரண்டு பொருள்களின் இணைப்புக் கோளாறு. கவலைப்பட வேண்டியது சாய்வாக, செங்கல் இணைப்புகளைப் பிடித்துப் படிப்படியாக ஏறி, சுவரின் இருபுறமும் தெரிகிற விரிசல். அது மேலே அகன்று கீழே குறுகினால், பெரும்பாலும் வீட்டின் ஓரம் இறங்குகிறது. கீழே அகன்றிருந்தால், நடுப்பகுதி இறங்குகிறது அல்லது ஓரம் உப்புகிறது.

[காட்சி: விரிசலின் நுனியில் பென்சில் கோடு, பக்கத்தில் தேதி]

அடுத்தது பொறுமை வேண்டிய வேலை. விரிசலின் இரு நுனியிலும் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இருபுறமும் ஓர் ஆணி அடித்து, இடைவெளியை மாதம் ஒருமுறை அளந்து குறித்துவையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்: மழையில் மூடிக் கோடையில் திறந்தால் மண் மூச்சு விடுகிறது, மூடாமல் அகன்றுகொண்டே போனால் அஸ்திவாரம் இறங்குகிறது. இரண்டாவது வகைக்கும், 5 மில்லிமீட்டரைத் தாண்டிய விரிசலுக்கும், கதவு திடீரென இறுகத் தொடங்கினாலும் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். அங்கே ஒரு வருடம் காத்திருக்கக் கூடாது.

இனி தண்ணீர். என் கணக்கில் பழுதுபார்ப்பில் பாதி வேலை இதுதான், செலவும் குறைவு. மாடி மழைநீர்க் குழாய் சுவரின் காலடியில் கொட்டுகிறதா? கழிவுநீர்க் குழாய் மண்ணுக்குள் கசிகிறதா? குளியலறைப் பக்கம் மட்டும் ஈரமாகவே இருக்கிறதா? முதலில் இவற்றைச் சரிசெய்யுங்கள். பிறகு வீட்டைச் சுற்றி, வெளிப்பக்கம் சாய்வாகக் கான்கிரீட் தளம் போடுங்கள். ஒரு மீட்டர் அகலமாவது வேண்டும், அதிகமிருந்தால் நல்லது. தளமும் சுவரும் சேரும் இடுக்கைத் தார் விட்டு அடையுங்கள்.

சுவரை ஒட்டி வேம்பு நட்டிருப்பவர்கள், மரத்தை வெட்டச் சொல்வேனோ என்று இங்கே முகம் சுளிப்பார்கள். மரத்தின் வேர் கோடையில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும், உண்மைதான். ஆனால் பழைய மரத்தை அவசரமாக வெட்டினால், உறிஞ்ச ஆளில்லாமல் மண் உப்பி, எதிர்த்திசையில் புது விரிசல் வரலாம். கோடரியைத் தூக்குமுன் பொறியாளரைக் கேளுங்கள்.

[காட்சி: விரிசலின் குறுக்கே பதித்த துருப்பிடிக்காத கம்பி]

அசைவு நின்ற பிறகுதான் பூச்சு. விரிசலின் இருபக்கமும் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, தூசி போகக் கழுவி, பாலிமர் கலந்த சாந்தால் அடைத்து, மேலே கம்பிவலை கட்டிப் பூசுங்கள். அகன்ற விரிசலானால், சில வரிசைகளுக்கு ஒருமுறை செங்கல் இணைப்பைத் தோண்டி, இருபுறமும் அரை மீட்டர் நீளும்படி துருப்பிடிக்காத கம்பி பதித்துத் தைக்கிறார்கள். பெல்ட் கான்கிரீட்டில், அதாவது சுவர் நெடுகப் பட்டையாக ஓடும் கான்கிரீட்டில், வந்த விரிசலுக்கு எபாக்சி என்ற இறுகும் பசையைச் செலுத்தலாம். ஆனால் அசையும் விரிசலில் எபாக்சி வீண்: ஒட்டிய இடம் பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் புதிதாகக் கிழியும்.

அஸ்திவாரமே இறங்குகிறதென்றால் அடியில் தாங்கு கொடுக்க வேண்டும். சுவருக்குக் கீழே முழுநீளத்துக்கும் ஒரேயடியாகத் தோண்டினால் வீடு உட்காரும். ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் துண்டாக, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகே அடுத்த துண்டைத் தொடுவார்கள். பொறியாளரின் வரைபடம் இல்லாமல் இதற்கு ஆள் இறக்காதீர்கள்.

புதிதாகக் கட்டப் போகிறவர்களுக்கு வழி எளிது. ரூர்க்கியின் மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்றே வளர்த்தெடுத்த முறை ஒன்று உண்டு: ஈரம் மாறாத ஆழம்வரை, வழக்கமாக 3.5 மீட்டர் அளவுக்கு, துளையிட்டு, அடியில் குமிழ்போல அகலப்படுத்திக் கான்கிரீட் நிரப்புவது. குமிழின் விட்டம் துளையின் விட்டத்தைப்போல இரண்டரை மடங்கு. மேல்மண் உப்பி இழுத்தாலும் குமிழ் நங்கூரமாகப் பிடித்துக்கொள்ளும். இந்தத் துளைத் தூண்களின் தலைமேல் சுவரைத் தாங்க வரும் உத்தரத்துக்கும் கீழேயுள்ள மண்ணுக்கும் இடையே, மண் உப்ப இடமாக, வெற்றிடம் விடச் சொல்லி, அதை மண் போட்டு நிரப்பிவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.