குறிக்குப் பெயர் வையுங்கள்

அவைத்தலைவர் அவர்களே, வரவேற்புரை நல்கிய பேராசிரியர் அம்மையார் அவர்களே, காலை முதல் மடிக்கணினியும் கம்பியுமாக ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பாளர்களே, சமன்பாடுகளை மெய்ப்புப் பார்த்தே கண்ணாடியின் எண் ஏறிப்போன நண்பர்களே, ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

அவைத்தலைவரைப் பற்றி இரண்டு சொல் சொல்லாமல் என்னால் தொடங்க முடியாது. கிரேக்க எழுத்தான ஃபைக்கு இரண்டு உருவங்கள் உண்டு என்பதை எனக்கு முதலில் காட்டியவர் அவர். என் கைப்பிரதியில் முதல் பக்கத்தில் ஒரு ஃபை, நாலாம் பக்கத்தில் இன்னொரு ஃபை. இரண்டையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, "இவர்கள் இருவரா, ஒருவரா?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அந்தத் தாள் இன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஐயா முன்னிலையில் இந்தப் பொருளைப் பேசக் கிடைத்தது என் பேறு. வரவேற்புரையில் அம்மையார் என்னைப் பற்றிச் சொன்ன அன்பான வார்த்தைகளுக்கும் என் நன்றி.

சுரை விதைத்தால் அவரை முளைக்குமா என்று கேட்பார்கள். நிலத்தில் முளைக்காது. கணித அச்சுக்கோப்பில் முளைக்கிறது. நாம் தட்டுவது ஒன்று, தாளில் வருவது வேறொன்று. அது ஏன், அதை எப்படித் தடுப்பது என்று மூன்று தலைப்புகளில் பேசலாம் என்றிருக்கிறேன். கணித எழுத்துருவை மாற்றுவது முதலாவது. குறிகளின் இனம் இரண்டாவது. எழுத்துருவுக்குள் மறைந்திருக்கும் அளவைகள் மூன்றாவது.

கணினி அறிவியலாளர் டொனால்டு கனூத் தம் நூலின் இரண்டாம் தொகுதியை மறுபதிப்புக்குக் கொடுத்திருந்தார். 1977-ல் கைக்கு வந்த அச்சுப்படிகளின் தோற்றம் அவருக்குப் பொறுக்கவில்லை. கணிதத்தை அச்சுக்கோக்கும் டெக் என்ற மென்பொருள் பிறந்தது அந்த வருத்தத்தில்தான். அதனோடு எழுத்துரு வரையும் மெட்டாஃபாண்ட் பிறந்தது, கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துரு பிறந்தது. இன்று நாம் டெக்கின் மேல் கட்டிய லேடெக்கில் எழுதும்போதும் அடியில் ஓடுவது அந்த டெக்கோ அதன் வழிவந்ததோதான்.

உரையின் எழுத்துருவை மாற்ற ஒரு வரி போதும். கணிதத்துக்கு அது போதாது. பழைய டெக் ஒரு சூத்திரத்தை அச்சிட ஒரே எழுத்துருவை நம்பி இருப்பதில்லை. சாய்ந்த எழுத்துகளை ஓர் எழுத்துருவிலிருந்து எடுக்கும், அம்புகளையும் உறவுக்குறிகளையும் இன்னொன்றிலிருந்து, வளரும் அடைப்புகளையும் பெரிய தொகைக்குறியையும் மூன்றாவதிலிருந்து. ஒவ்வொன்றும் ஒரு குடும்பம். மொத்தம் 16 குடும்பங்களுக்குத்தான் இடம், குடும்பத்துக்கு 256 அறைகள். ஒரே ஓர் அம்புக்குறிக்கு ஆசைப்பட்டு ஒரு முழு பேக்கேஜை, அதாவது கூடுதல் கட்டளைத் தொகுப்பை, ஏற்றினால் குடும்பம் ஒன்றோ இரண்டோ கரைந்துவிடும். ஆய்வேடு முடியும் தறுவாயில் "கணித எழுத்துவகைகள் மிகுந்துவிட்டன" என்று பிழைச்செய்தி வருவதன் காரணம் இதுதான்.

இனி, எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்தருள வேண்டும்.

எங்கள் நண்பர் குழு வாரம் ஒருமுறை கூடி ஒரு கட்டுரையைப் படிக்கும். ஒருமுறை எடுத்துக்கொண்டது எங்களில் ஒருவரே எழுதிய கட்டுரை, ஹார்டி வெளிகள் என்னும் சார்புத் தொகுதிகளைப் பற்றியது. ஆளுக்கொரு அச்சுப்படி. குழுவில் பார்வையற்ற மாணவர் ஒருவர் உண்டு. அவருக்கு அச்சுப்படியால் பயனில்லை. லேடெக் மூலக்கோப்பைத் திரைவாசிப்பான் படிக்க, காதில் கேட்டுக்கொண்டே வருவார்.

இரண்டாம் பக்கத்திலேயே தகராறு. கரும்பலகையில் நின்ற நண்பர், "இங்கே சார்பு எச்-முடிவிலியில் இருக்கிறது, ஆகவே எல்லைக்குட்பட்டது" என்றார். மாணவர் கையை உயர்த்தினார். "ஐயா, அது எச்-ஒன்று அல்லவா? எல்லைக்குட்பட்டது என்று எப்படிச் சொல்வது?" நாங்கள் தாளைப் பார்த்தோம். வளைவெழுத்தில் அழகான எச், அதன் தோளில் தெளிவாக முடிவிலி. "இல்லை தம்பி, முடிவிலிதான். உங்கள் வாசிப்பான் தவறாகப் படிக்கிறது" என்றோம். அவர் மறுபடி கேட்டுப் பார்த்தார். "ஒன்று என்றுதான் சொல்கிறது" என்றார். நாங்கள் ஆறு பேர் கண்ணால் கண்டதைச் சொல்கிறோம், அவர் ஒருவர் காதால் கேட்டதைச் சொல்கிறார். அரைமணி நேரம் போயிற்று. கட்டுரையாளர் முகம் மட்டும் மெல்ல மாறிக்கொண்டே வந்தது. "நான் எழுதியது ஒன்றுதான். முடிவிலி எப்படி வந்தது?" என்றார்.

மூலக்கோப்பைத் திறந்தோம். வளைவெழுத்து தரும் மேத்கேல் என்ற கட்டளையின் அடைப்புக்குள் எச், மேலொட்டு, ஒன்று என மூன்றையும் சேர்த்தே போட்டிருந்தார். எச் மட்டும் உள்ளே இருந்திருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் இந்த வளைவெழுத்துகள் 26 பெரிய எழுத்துகளுக்கு மட்டுமே உண்டு. மற்ற அறைகள் வீணாகக் கூடாது என்று அங்கெல்லாம் குறிகளைக் குடிவைத்திருக்கிறார்கள். ஒன்றின் அறையில் இருப்பது ∞. இரண்டின் அறையில் ∈. எட்டின் அறையில் ∀, ஒன்பதின் அறையில் ∃. உள்ளே போன ஒன்று முடிவிலியாக வெளியே வந்தது. எச்சரிக்கை இல்லை, பிழைச்செய்தி இல்லை. சுரை விதைத்தார், அவரை முளைத்தது.

அவர் கணினியில் மட்டும் இது ஏன் தெரியவில்லை? அவர் எழுதியது ஒருங்குறியை, அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் பொதுவான எண் தரும் முறையை, ஒட்டிய புதிய கணித எழுத்துருவில். அதில் வளைவெழுத்துக் கட்டளை எண்களைத் தொடுவதில்லை, ஒன்று ஒன்றாகவே நின்றது. கட்டுரையை அச்சிடும் இடத்தில் பழைய முறையில்தான் வேண்டும் என்றார்கள். கடைசி நாளில் இரண்டு வரியை மாற்றிக் கொடுத்துவிட்டார். இரண்டாக இருந்திருந்தால் எச்-இன் தோளில் ∈ உட்கார்ந்து, பார்த்த மாத்திரத்தில் யாரும் கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் எச்-ஒன்றும் எச்-முடிவிலியும் இரண்டுமே கணிதத்தில் உள்ள வெளிகள். அந்தப் பிழை மெய்போலவே நின்றது. கண்ணுள்ள நாங்கள் ஆறு பேரும் ஏமாந்தோம். அந்த மாணவர் ஒருவரிடம்தான் சரியான கட்டுரை இருந்தது.

அன்றிலிருந்து போகும் இடமெல்லாம் நான் சொல்வது இதுதான்: குறியை உருவத்தால் கூப்பிடாதீர்கள், பொருளால் கூப்பிடுங்கள். "வளைவெழுத்து எச்" என்று கட்டுரையில் நாற்பது இடத்தில் எழுதாதீர்கள். கோப்பின் தலைப்பகுதியில் "ஹார்டி" என்று ஒரு மேக்ரோ, அதாவது நாமே பெயரிட்ட ஒரு கட்டளை, வையுங்கள். எண்ணை அது வாங்கிக்கொள்ளட்டும், வளைவெழுத்து எச்சோடு நிற்கட்டும், எண் வெளியே அமரட்டும். எழுத்துரு மாறினால் திருத்த வேண்டியது ஒரே வரி.

குறிகளின் இனம் என்றேனே, அதற்கு வருகிறேன். டெக்குக்கு ஒரு குறியின் உருவத்தைவிட அதன் இனம் முக்கியம். சாதாரணக் குறியா, கூட்டல்போல இருபக்கமும் இணைப்பதா, சமக்குறிபோல உறவு சொல்வதா, திறப்பதா, மூடுவதா, நிறுத்தக்குறியா? இதைக் கொண்டுதான் இடைவெளி விடுகிறது. எழுத்தின் அளவையொட்டிய எம் என்ற அலகைப் பதினெட்டாக வகுத்தால், உறவுக்குறிக்கு இருபுறமும் ஐந்து பங்கு, இணைப்புக்குறிக்கு நான்கு. யாரோ வரைந்த புதுக் குறியைக் கொண்டுவந்து இனம் சொல்லாமல் விட்டால் அது பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். "டிக்ளேர் மேத் சிம்பல்" கட்டளை குறியின் இனத்தையும் சேர்த்துக் கேட்பது இதற்காகத்தான்.

நிமிர்ந்த கோடு ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். தனிமதிப்பு அது, வகுபடும் என்பது அது, நிபந்தனை நிகழ்தகவு அது, கணத்தின் உறுப்பெண்ணிக்கையும் அதுவே. விசைப்பலகையில் இருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் அதையே தட்டுகிறோம். தனிமதிப்பின் உள்ளே "மைனஸ் எக்ஸ்" எழுதினால், கோட்டைச் சாதாரணக் குறி என்று எண்ணி, மைனஸைக் கழித்தல் என்று டெக் புரிந்துகொள்கிறது. கோட்டுக்கும் மைனஸுக்கும் நடுவே ஒரு வெளி, மைனஸுக்கும் எக்ஸுக்கும் நடுவே இன்னொரு வெளி. கோட்டிலிருந்து எக்ஸைக் கழித்ததுபோல! திறக்கும் கோடு, மூடும் கோடு என்று இனம் சொல்லிவிட்டால் மைனஸ் எக்ஸோடு ஒட்டி அடங்கிவிடும். இங்கும் "தனிமதிப்பு" என்று ஒரு பெயர் வைத்தால் தீர்ந்தது. முக்காற்புள்ளிக்கும் இதே கதை. டெக் அதை உறவுக்குறியாகவே பார்க்கும். சார்பின் பெயருக்குப் பின் வருவதற்குத் தனிக் கட்டளை உண்டு, பயன்படுத்துவோர் குறைவு.

ஒருங்குறி வந்துவிட்டதே, இனி எதற்குப் பெயர் என்று ஒரு தம்பி காலையில் கேட்டார். நல்ல கேள்வி. 2001-ல் ஒருங்குறியின் 3.1 பதிப்பு சாய்வெழுத்து, தடித்த எழுத்து, வளைவெழுத்து என எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் கொடுத்தது. ஆனால் சில இடங்களில் எழுத்து இல்லை, சாய்ந்த சின்ன எச்சுக்குரிய இடம் அவற்றில் ஒன்று. ஏற்கெனவே வேறிடத்தில் அதே உருவம் குடியேறிவிட்டது, அதன் அதிகாரபூர்வப் பெயர் "பிளாங்க் மாறிலி". உயரத்தைக் குறிக்க எச் எழுதினாலும் உள்ளே போவது பிளாங்க் மாறிலி. பெயரை அப்படியே படிக்கும் வாசிப்பான், முக்கோணத்தின் பரப்பு காணும் பிள்ளையின் காதில் குவாண்டம் இயற்பியலைச் சொல்லும். சுரை விதைத்தால் அவரை! குறியீட்டெண் உருவத்தைத்தான் காக்கும். இந்த எச் உயரம் என்று ஆசிரியர்தான் சொல்ல வேண்டும், சொல்வதற்கு இடம் மேக்ரோ. இணையப் பக்கங்களில் கணிதம் எழுத உதவும் மேத்எம்எல் மொழியின் நான்காம் பதிப்பு வரைவில் "இன்டென்ட்" என்று ஒரு பண்பு சேர்த்திருப்பதும் இந்தத் தேவைக்காகவே.

மூன்றாவது தலைப்பில் ஒன்று மட்டும். குறிகளின் எழுத்துருவுக்குள் 22 அளவைகளும், பெரிய குறிகளின் எழுத்துருவுக்குள் 13 அளவைகளும் உண்டு. மேலொட்டு எவ்வளவு ஏற வேண்டும், பின்னக்கோடு எவ்வளவு தடிப்பு என்பதெல்லாம் அங்கேதான். அவற்றுக்கு ஒரு முழு மாலை வேண்டும்.

அமைப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பத்தோடு முடித்துக்கொள்கிறேன். அடுத்த கருத்தரங்குக்குக் கட்டுரை கேட்கும்போது மூலக்கோப்பையும் கேளுங்கள். அதன் தலைப்பகுதியில் எந்தக் குறி எதைக் குறிக்கிறது என்ற மேக்ரோப் பட்டியல் இருக்க வேண்டும் என்று அறிவிப்பிலேயே சேருங்கள். கேட்கும் வாசகருக்கு அச்சுப்படியோடு அந்தக் கோப்பும் போய்ச் சேரட்டும். இதை இன்றைய தீர்மானங்களில் ஒன்றாக அவைத்தலைவர் ஐயா முன்மொழிய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் குழுவின் கோப்புகளை அந்த மாணவரே தொகுத்து வைத்திருக்கிறார். வேண்டுவோர் தேநீர் இடைவேளையில் பின்வரிசையில் அவரிடம் பெற்றுக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.