திருடன் குப்பையைத் திருடுவதில்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, டிவி சீரியலை விட்டுவிட்டு இந்த சுங்கை சிப்புட் மண்டபத்துக்கு வந்திருக்கும் அம்மாக்களே, ஐயாக்களே, வணக்கம்.

"இன்றைய ஓவியக் கலையைச் சித்திரக்கதைகள் வளர்த்தனவா, கெடுத்தனவா?" என்பது தலைப்பு. வளர்த்தன என்ற அணியில் நிற்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன் அடுத்தவன் வரைந்த காமிக்ஸ் கட்டத்தைப் பெரிசாக வரைந்து கோடீஸ்வரர் ஆனார், இதற்குப் பெயர் கலையா?" என்று கேட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும்தான் தட்டினேன். சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறதே!

1963-இல் லிக்டன்ஸ்டைன் 'மூழ்கும் பெண்' என்று ஒரு படம் வரைந்தார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மூலம், டோனி அப்ரூட்ஸோ என்ற காமிக்ஸ் ஓவியர் 1962-இல் ஒரு காதல் கதைக்கு வரைந்த கட்டம். லிக்டன்ஸ்டைன் வரைந்த நர்ஸ் படம் ஒன்று 2015-இல் ஏலத்தில் 95 மில்லியன் டாலருக்கு மேல் போனது. அன்றைய கணக்கில் நம் காசுக்கு 400 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டும். அப்ரூட்ஸோ மாதிரி ஆட்களோ பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்கள். இது அநியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நடுவர் அவர்களே, பூட்டை உடைத்து உள்ளே வந்த திருடன் குப்பைக்கூடையையா தூக்கிக்கொண்டு போவான்? அங்கே எடுக்க ஏதோ இருந்தது, எடுத்தார். அது என்ன என்றுதான் எதிரணி பார்க்கவில்லை.

மூலக் கட்டத்தில் அந்தப் பெண் தண்ணீரில் தத்தளிக்கிறாள். பின்னால் காதலன் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். லிக்டன்ஸ்டைன் காதலனையும் படகையும் வெட்டி எறிந்துவிட்டார். சுற்றிலும் அலை, நடுவில் முகம், கண்ணீர். "மூழ்கினாலும் மூழ்குவேனே தவிர பிராட்டைக் கூப்பிட மாட்டேன்" என்று, காதலன் பெயரைச் சொல்லி, தலைக்கு மேல் ஒரு நினைப்புக் குமிழி. வீம்பு! (அங்கே சிரிக்கிற அக்காவுக்குப் புரிகிறது.) அந்த அலையை ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் அலையோடு ஒப்பிட்டுச் சொன்னவர் லிக்டன்ஸ்டைனேதான்.

அப்புறம் லிக்டன்ஸ்டைன் படங்களில் தெரியும் அந்தப் புள்ளிகள். வீட்டில் பழைய கலர் காமிக்ஸ் இருந்தால் கதாநாயகியின் கன்னத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ரோஸ் நிறமே இருக்காது, வெள்ளைத் தாளில் சிவப்புப் புள்ளிகள்தான் இருக்கும். மலிவு அச்சில் நாலு மையை வைத்துக்கொண்டு நாற்பது நிறம் காட்டும் தந்திரம் அது. லிக்டன்ஸ்டைன் அதைப் பெரிதாக்கி, துளைத்தட்டு வைத்துக் கையால் தீட்டினார். அழுகிற முகத்தைப் பார்த்து நாமும் உருகுகிறோம், கிட்டே போனால் அந்த முகமே அச்சுப் புள்ளி. இதைச் சொல்ல அவருக்குக் காமிக்ஸ்தான் வழி கொடுத்தது.

"சின்னப் பிள்ளைகள் படிக்கிற சமாச்சாரம்" என்றும் ஒரு வார்த்தை விழுந்தது. நம்ம பேரா மாநிலத்துக் கார்ட்டூனிஸ்ட் லாட் 1979-இல் தன் கம்போங் கதையை, அதாவது தன் கிராமத்துக் கதையை, படமாகவே சொன்னார். ஈயம் தோண்டும் ராட்சத இயந்திரம் அந்தக் கம்போங் பக்கமே நிற்கும், ஊரையே விழுங்கிவிடுமோ என்று பயம். தோட்டத்தை விற்றுவிட்டார்கள் என்று லயத்தைக் காலி செய்துவிட்டு வந்தவர்கள் இங்கே எத்தனை பேர்! உங்களுக்கு அந்தப் படத்தை யாராவது விளக்க வேண்டுமா?

நான் உண்மையில் பேச வந்தது பிலிப் கஸ்டன் என்ற ஓவியரைப் பற்றி. உருவமே இல்லாமல், நிறத்தை மட்டும் தீட்டிப் பெயர் வாங்கியவர். 1960-களின் கடைசியில் அமெரிக்கா பற்றி எரிகிறது. வியட்நாம் போர், தெருவெல்லாம் கலவரம். வீட்டில் உட்கார்ந்து செய்தி படித்துக் கொதித்துவிட்டு, ஸ்டூடியோவுக்குப் போய்ச் சிவப்பை நீலத்தோடு பொருத்திக்கொண்டிருக்கிறேனே, நான் என்ன மனுஷன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

சிறுவயதில் தபால் வழியில் கார்ட்டூன் படித்தவர் அவர். அந்தப் பழைய கோட்டுக்கே திரும்பினார். 1969-இல் வரைந்த ஒரு படத்தைச் சொல்கிறேன். கறுப்பின மக்களைக் கொன்று குவித்த கூ கிளக்ஸ் கிளான் கும்பலின் முகமூடி போட்ட ஓர் ஆள் ஓவியனாக உட்கார்ந்திருக்கிறான். ஒரு கையில் சிகரெட், இன்னொரு கையில் தூரிகை. தன் முகமூடி முகத்தையே வரைந்துகொண்டிருக்கிறான். யூதக் குடும்பத்தில் பிறந்த கஸ்டன், அந்தக் கும்பல்காரனின் இடத்தில் தன்னையே உட்கார வைத்தார். நானும் இதில் பங்காளியா என்ற கேள்வி அது. குண்டு விரலும் தடித்த கோடுமாகப் பார்க்கச் சிரிப்பு வரும், சிரித்த பிறகுதான் வயிற்றைப் பிசையும்.

1970-இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். சரி, காலம் மாறியதா? 2020-இல் அவருடைய பெரிய கண்காட்சியை, அந்த முகமூடிப் படங்களுக்காகவே, நாலு அருங்காட்சியகங்கள் சேர்ந்து ஒத்திப்போட்டன. லண்டன் டேட் அதில் ஒன்று. ஐம்பது வருஷம் கழித்தும் பெரிய மனிதர்களை நடுங்க வைக்கிற கோடு ஓவியத்தைக் கெடுத்த கோடா?

பிகாசோகூட 1937-இல் ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோவைக் கிண்டலடிக்க, அச்சுத் தகட்டைக் காமிக்ஸ் மாதிரி கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் வரைந்தார்.

இந்தியப் புராணங்களைக் காமிக்ஸாகச் சொல்லும் அமர் சித்திரக் கதை உங்களுக்குத் தெரியும், 1967-இல் தொடங்கியது. அதில் வரும் பெண்கள் சிவப்பாக, அடக்கமாக, தலை குனிந்து நிற்பார்கள். நியூயார்க் புரூக்ளினில் பிறந்த சித்ரா கணேஷ் என்ற ஓவியர் அதே கட்டம், அதே நிறம், அதே குமிழியை எடுத்துக்கொண்டார். ஆனால் அவருடைய பெண்களுக்குக் கை கால்கள் கூடும், குறையும். குமிழிக்குள்ளே புராணம் சொல்லாத வசனம் இருக்கும். காமிக்ஸ் வடிவம் நமக்குப் பழகிப்போனது என்பதால்தான் அந்தக் குறும்பு நம்மிடம் பலிக்கிறது.

மணி அடித்துவிட்டார்கள். ஜப்பானிய ஓவியர் முரகாமியை என் அணித் தம்பி பார்த்துக்கொள்வார். எதிரணித் தலைவருக்கு ஒரே ஒரு கேள்வி, பதில் சொல்லும் சுற்றில் தவறாமல் சொல்ல வேண்டும்: அப்ரூட்ஸோவுக்காக இவ்வளவு நேரம் கண்ணீர் விட்டீர்களே ஐயா, அவர் வரைந்தது கலை இல்லை என்றால், எது களவு போனது என்று அழுகிறீர்கள்?