ஸ்பானிஷ் வார்த்தையில அழுத்தம் எங்க? கடைசி எழுத்தைப் பாருங்க

வணக்கம். போர்டுல ஒரே வார்த்தைதான் எழுதியிருக்கேன்: தேர்மினோ. மூணு அசை, தேர், மி, நோ. "தேர்"ல அழுத்தினா கெடு, இல்லன்னா கலைச்சொல். "மி"ல அழுத்தினா "நான் முடிக்கிறேன்". "நோ"ல அழுத்தினா "அவர் முடிச்சார்". எழுத்து மூணுலயும் ஒண்ணுதான். முதல் வார்த்தையில "தேர்" மேல ஒரு சின்ன சாய்கோடு இருக்கு, மூணாவதுல "நோ" மேல. நடுவுல உள்ளதுக்கு மட்டும் கோடு இல்ல. ஏன்?

இந்தக் கோட்டுக்கு ஸ்பானிஷ்ல தில்தே-ன்னு பேரு. பெரும்பாலும் வழக்கமான இடத்தை விட்டு அழுத்தம் வேற இடத்துக்குப் போனா இதைப் போடுவாங்க. அந்த வழக்கமான இடத்தைச் சொல்றது கடைசி எழுத்து. உயிரெழுத்து, என் (n), எஸ் (s), இந்த மூணுல ஒண்ணுல முடிஞ்சா, கடைசிக்கு முந்தின அசையில அழுத்தம். வேற மெய்யெழுத்துல முடிஞ்சா கடைசி அசையில. அதனால ஓதெல் (ஹோட்டல்), மத்ரித் (மாட்ரிட் நகரம்) ரெண்டுக்கும் கோடு வேண்டாம். கஃபே உயிர்ல முடிஞ்சும் கடைசியில அழுத்தம் விழுது, கோடு வேணும். மரம்னு அர்த்தம் வர்ற ஆர்போல் எல்-ல முடிஞ்சும் முதல் அசையில விழுது, அதுக்கும் வேணும். கடைசியிலிருந்து மூணாவது அசைன்னா யோசிக்கவே வேண்டாம், எப்பவும் கோடு உண்டு. மேதிகோ, அதாவது டாக்டர், அந்த ரகம்.

என், எஸ் மட்டும் ஏன் உயிரெழுத்தோட சேருது? ஆப்லா, ஆப்லாஸ், ஆப்லான். அவர் பேசுறார், நீ பேசுற, அவங்க பேசுறாங்க. விகுதி சேர்ந்தாலும் அழுத்தம் "ஆ"விலேயே நிக்குது. இந்த ஒரு காரணம் புரிஞ்சா விதி மறக்காது.

நிறைய பேர் தப்பு பண்றது பன்மையில. இங்க்ளேஸ், அதாவது ஆங்கிலேயர், கோடு உண்டு. பன்மை இங்க்ளேஸேஸ், கோடு போயிடும். ஹோபென், அதாவது இளைஞர், கோடு இல்ல. பன்மை ஹோபெனேஸ்-ல வந்துடும். பெரும்பாலும் அழுத்தம் அதே அசையிலதான் இருக்கும், ஒரு அசை கூடினதால கணக்கு மாறுது, அவ்வளவுதான்.

அடுத்தது மரீயாவும் மாரியோவும். ஐ (i), யு (u) ரெண்டும் பக்கத்து உயிரோட ஒட்டி ஒரே அசையா ஆயிடும். மாரியோ ரெண்டே அசை, அழுத்தம் "மா"வுல, கோடு இல்ல. மரீயாவுல அழுத்தம் ஐ மேலயே விழுது. அப்போ அது பிரிஞ்சு தனி அசையா நிக்கும், கோடு கட்டாயம்.

ஓரசைச் சொல்லுக்குப் பொதுவா கோடு கிடையாது. அர்த்தம் பிரிக்க மட்டும் சிலதுக்கு உண்டு: கோடில்லாத "து" உன், கோடு போட்ட "து" நீ.

உச்சரிப்புல நம்ம காது குறில், நெடில் தேடும். கடைசி உயிரை நெடிலா இழுத்தா, உருளைக்கிழங்கு அப்பா ஆயிடும்! லத்தீன் அமெரிக்காவுல பாபா-ன்னா உருளைக்கிழங்கு, கடைசியில அழுத்தினா அப்பா. அழுத்தம் இல்லாத அசையைச் சுருக்கமா, ஆனா முழுங்காம சொல்லுங்க.

டைப் பண்ண, மொபைல்ல எழுத்தை அழுத்திப் பிடிங்க. விண்டோஸ்ல நம்பர் பேட்ல ஆல்ட்டோட 0225, 0233, 0237, 0243, 0250. ஏ, இ, ஐ, ஓ, யு அந்த வரிசையில வரும். பெரிய எழுத்துக்கும் கோடு போடணும்.