மலையகத்துக்கு வேண்டும் ஒரு சமூகப்பணிக் களப்பயிற்சி நிலையம்

(ஹட்டனில் நடைபெற்ற கருத்தரங்கொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, தமது அலுவல்களுக்கிடையே வருகை தந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, பல்கலைக்கழகப் பேராசிரியர் பெருமக்களே, தொழிற்சங்கங்களின் பிரதிநிதிகளே, தோட்ட முகாமையாளர்களே, நலன்புரி உத்தியோகத்தர்களே, பிள்ளை பராமரிப்பு நிலையங்களிலிருந்து விடுமுறை எடுத்துக்கொண்டு வந்திருக்கும் சகோதரிகளே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இந்த மண்டபத்தை இலவசமாகத் தந்துதவிய ஆலய பரிபாலன சபையினருக்கும், வெலிமடையிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் விடியற்காலை பஸ் ஏறி வந்திருக்கும் பெற்றோருக்கும் நான் தனியாக நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சமூகப்பணிப் பட்டத்துக்கான தகைமைகள் பற்றிப் பேசுமாறு ஏற்பாட்டாளர்கள் கேட்டிருந்தார்கள். யாரைச் சேர்த்துக்கொள்வது, எவ்வாறு பயிற்றுவிப்பது, பயின்று வெளியேறுபவருக்குச் சட்டரீதியான தொழில் அங்கீகாரம் எவ்வாறு அமைய வேண்டும் என்ற மூன்றையும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் வந்தேன். ஆயினும் நடுவில் உள்ள பயிற்சியே என் மனத்தைப் பெரிதும் பற்றியிருக்கிறது. 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று நம் முன்னோர் சொன்னது வேறெந்தத் துறையையும்விடச் சமூகப்பணிக்குத்தான் முற்றாகப் பொருந்துகிறது.

இலங்கையில் சமூகப்பணிக் கல்வி புதிய விடயமன்று. 1952 ஆம் ஆண்டில் கொழும்பில் ஒரு சிறிய பயிற்சி நிறுவனமாகத் தொடங்கிய முயற்சியே, 1992 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாக வளர்ந்து, 2005 இல் சமூகப்பணி இளமாணிப் பட்டத்தையும் 2008 இல் முதுமாணிப் பட்டத்தையும் வழங்க முன்வந்தது. உலகின் பிற பாகங்களில் களப்பயிற்சிக்குத் தரப்படும் இடத்தையும் கவனியுங்கள். அமெரிக்காவில் இளமாணி மாணவர் குறைந்தது 400 மணித்தியாலமும் முதுமாணி மாணவர் 900 மணித்தியாலமும் களத்தில் பணியாற்றாவிட்டால் அந்தக் கற்கைநெறிக்கு அங்கீகாரமே கிடைப்பதில்லை. இங்கிலாந்தில் 170 நாட்கள் பணித்தலத்தில் கழிக்க வேண்டும். பணிபுரிவதை அனுபவமுள்ள ஒருவர் அருகிருந்து பார்த்து, கேள்வி கேட்டு, குறிப்பேட்டைத் திருத்தும் மேற்பார்வை இருந்தால்தான் அந்த நேரம் பயிற்சியாகக் கணக்கிடப்படும். மேற்பார்வை இல்லாத களம் வெறும் அலைச்சல்.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேல்கணக்கில், அதாவது மேற்பிரிவில், நடந்த ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். கொழும்பிலிருந்து களப்பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி; கெட்டிக்காரி, பாடங்களில் முதன்மையானவள். சாதாரண தரப் பரீட்சையை நெருங்கிய வயதில் ஒரு சிறுமி பாடசாலைக்கு வராமல் நின்றுவிட்டாள் என்று கேள்விப்பட்டு, ஒரு முற்பகல் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனாள். எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருந்த வேளை அது. பக்கத்துக் காம்பிராவில் இருந்த ஒருவர் சொன்னதை எழுதிக்கொண்டாள்: தாய் வெளிநாட்டில் வீட்டுப்பணி, தந்தை கொழும்பில், குடிப்பழக்கம் உள்ளவர், கவனிக்க ஆளில்லை. அன்று மாலையே அறிக்கை தயார். பரிந்துரை, சிறுவர் இல்லம். அறிக்கையின் மொழியில் ஒரு பிழை இல்லை. பாடநூல் கேட்கும் தலைப்புகள் யாவும் இருந்தன.

அவளுக்கு மேற்பார்வையாளராக இருந்த மூத்த அம்மையார் அறிக்கையை மடித்து வைத்துவிட்டு, மாலை கொழுந்து நிறுவை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில் போய்வா என்று அனுப்பினார். போனாள். அங்கே பாட்டி இருந்தார். மாணவியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அந்த மூதாட்டி கேட்டார்: "நீங்க எழுதிக்கிட்டு போற மிஸ்ஸா, இல்ல திரும்பி வர்ற மிஸ்ஸா? முந்தி வந்தவங்க எல்லாம் எழுதிக்கிட்டுத்தான் போனாங்க."

மாணவி மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனாள். மூன்றாம் முறை போனபோதுதான் பாட்டி டிரங்குப் பெட்டியைத் திறந்து காகிதங்களை எடுத்துப் போட்டார். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு விதமாகவும் பாடசாலைப் பதிவேட்டில் வேறு விதமாகவும் இருந்தது. அதனால் தேசிய அடையாள அட்டை விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. அட்டை இல்லாமல் பரீட்சைக்கு எப்படித் தோற்றுவது என்ற அச்சத்தில், எவரிடமும் சொல்ல வெட்கப்பட்டு, பிள்ளை வீட்டில் நின்றுவிட்டாள். தந்தை குடிப்பவர்தான், ஆனாலும் மாதந்தோறும் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது, தோட்டக் காரியாலயத்துக்கும் பதிவாளரிடமும் பாடசாலைக்கும் கூடவே நடந்து வரும் ஒருவர். மாணவி நடந்தாள். பிள்ளை பரீட்சை எழுதினாள். முதல் அறிக்கை மட்டும் மேசை தாண்டிப் போயிருந்தால் அந்தச் சிறுமி இன்று எங்கே இருப்பாள் என்பதை எண்ணிப் பாருங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாததோடு நிற்பதில்லை. சில வேளை ஒரு குடும்பத்தையே பிரித்துவிடும்.

ஆகவே, யாரைச் சேர்ப்பது என்ற கேள்விக்கும் என் விடை இதிலிருந்தே வருகிறது. உயர்தரப் பெறுபேறு அவசியம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் ஆண்டுக்கணக்காகப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் உழைத்த பெண்ணின் அனுபவத்துக்கும் அனுமதியில் ஓர் எடை இருக்க வேண்டும். காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்களம் எப்போது கூடும், அரைநாள் சம்பளம் மட்டும் தரும் அரைப்பேர் போட்டால் ஒரு வீட்டில் என்ன நடக்கும், முகாமையாளரான துரையிடம் எதை எந்த வேளையில் கேட்கலாம் என்பதெல்லாம் அவளுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் வகுப்புகள் நடக்கும் சீதுவை வரை போய்த் தங்கிப் படிக்க முடியாது என்பதுதான் தடை. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அறை வாடகைக்குச் சம்பளம் போதாது.

பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தபோது, தோட்டப் பாடசாலைகளுக்கு நம்முடைய பிள்ளைகளே பயிற்சி பெற்ற ஆசிரியர்களாக வரும் வழி இந்த மலையிலேயே திறந்தது. ஆசிரியத் தொழிலுக்குச் செய்ததைச் சமூகப்பணிக்கும் செய்யுங்கள், இந்த மலையிலேயே ஒரு களப்பயிற்சி நிலையத்தை அமையுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, பெற்றோரை இழந்த பிள்ளைகளோடு அமர்ந்து அவர்களுடைய தமிழிலேயே பேசத் தெரிந்த, பயிற்சி பெற்ற எத்தனை பேர் அந்த மாவட்டத்திலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்க வேண்டும்! 1998 இன் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைச் சட்டமும் 2005 இன் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமும் நூலில் இருக்கின்றன. அவற்றை லயத்து வாசல் வரை கொண்டுபோகிறவர் இல்லாவிட்டால் அவையும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

தொழில் அங்கீகாரம் குறித்து எனக்குப் பின் பேசவிருக்கும் சட்டத்தரணி என்னைவிடத் தெளிவாக விளக்குவார். அந்தப் பொறுப்பை அவரிடமே விடுகிறேன்.

பேராசிரியர் பெருமக்களே, களப்பயிற்சிக்கு மாணவரை அனுப்பும்போது மலையகத்தை ஒரு சுற்றுலாவுக்குரிய இடமாக எண்ணாமல், ஒரு முழுத் தவணைக்கு, தமிழ் தெரிந்த மேற்பார்வையாளரோடு அனுப்புங்கள். தோட்ட முகாமையாளர்களே, பயன்பாடின்றிப் பூட்டிக் கிடக்கும் உத்தியோகத்தர் விடுதிகளில் ஒன்றை நிலையத்துக்கெனத் தாருங்கள்; கூரையைத் திருத்தும் செலவை நாங்கள் திரட்டுகிறோம். பிரதேச செயலாளர் அவர்களே, இங்கு பயிற்சி பெறுவோர் உங்கள் அலுவலகத்தின் சமூக சேவை, சிறுவர் உரிமை உத்தியோகத்தர்களுடன் வாரத்தில் இரண்டு நாட்கள் பணியாற்ற எழுத்துமூல அனுமதி வேண்டும். அமைச்சுக்கு அனுப்பவுள்ள விண்ணப்பம் மண்டப வாசலில் மேசைமீது இருக்கிறது. கையொப்பமிடும் ஒவ்வொருவரும் தமது பெயருக்குக் கீழே தோட்டத்தையும் பிரிவையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். எந்தெந்த மலையிலிருந்து இந்தக் கோரிக்கை வருகிறது என்பதைக் கொழும்பில் அதைத் திறப்பவர்கள் அறிய வேண்டும். நன்றி, வணக்கம்.