மீன்தொட்டியில் பாசியா? தொட்டியைக் கவிழ்த்துக் கழுவாதீர்கள்

[திரையில்: ஜன்னலோரம் இரண்டடி மீன்தொட்டி. கண்ணாடி முழுக்கப் பச்சை. ஒரு விரல் அதில் கோடு இழுக்கிறது.]

வணக்கம். விரல் போன இடத்தில் மட்டும்தான் மீன் தெரிகிறது, பாருங்கள். தொட்டி இப்படி ஆனதும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்களை வாளிக்கு மாற்றி, தண்ணீரை முழுக்கக் கொட்டி, கற்களைக் குழாயடியில் அலசி, கண்ணாடியைப் பளபளவென்று தேய்த்துப் புதுத் தண்ணீர் ஊற்றுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். சில வாரங்களில் பாசி திரும்ப வந்துவிடும். ஒருமுறை, கழுவிய மூன்றாம் நாள், ஆறு கப்பி மீன்கள் செத்து மிதந்தன. அந்தக் காலையை இன்னும் மறக்க முடியவில்லை.

[திரையில்: ஃபில்டரின் ஸ்பான்ஞ், மிக அருகில். பழுப்பு நிறச் சேறு.]

இந்தச் சேற்றைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா மீனுக்கே நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கேடில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் இந்த ஸ்பான்ஞ்சிலும் கற்களிலும்தான் குடியிருக்கின்றன. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் இவற்றை அலசினால், அந்தக் கூட்டம் பெருமளவு அழிந்துபோகலாம். மீன் பிழைத்தாலும் தொட்டி ஏறக்குறைய முதல் நாளுக்குத் திரும்பிவிடும். புதுத் தொட்டியில் முதல் சில வாரங்கள் கண்ணாடியில் பழுப்புத் தூள் போலப் படியுமே, அது டயாட்டம் என்ற நுண்பாசி. தொட்டி நிலைபெற்றதும் பெரும்பாலும் தானாகவே குறையும். நாமோ கழுவிக் கழுவி அதையே வரவழைக்கிறோம்.

சரி, பச்சைப் பாசிக்கு வருவோம். அதற்கு வேண்டியவை இரண்டு: வெளிச்சமும் உரமும். இரண்டையும் கொடுப்பது நாம்தான்.

[திரையில்: பிற்பகல் மூன்று மணி. மேற்கு ஜன்னல் வழியே வெயில் தொட்டியில் விழுகிறது.]

முதலில் ஜன்னல். தொட்டியை வைக்கும்போது காலையில் நிழலாக இருந்திருக்கும். பிற்பகலில் ஒருநாள் வீட்டிலிருந்து கவனியுங்கள். இந்த வெயில் தினமும் ஒரு மணி நேரம் விழுந்தாலே போதும், விளக்கை எவ்வளவு குறைத்தும் பயனிருக்காது. தொட்டியை நகர்த்துங்கள். முடியாவிட்டால் வெயில் படும் பக்கத்தில் கறுப்பு சார்ட் ஒட்டுங்கள். விளக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். விருந்தினர் வந்தால் அழகாக இருக்கட்டும் என்று இரவு வரை எரியவிட வேண்டாம். ஒரு டைமர் வாங்கிப் பொருத்திவிடுங்கள்.

அடுத்து உரம், அதாவது நாம் போடும் தீனி. குழந்தைகள் ஆசையாக ஒரு பிடி போடுவார்கள். மிச்சம் கல்லிடுக்கில் அழுகி, பாசிக்கு உணவாகும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, ஒரு நாளைக்கு ஒருமுறை. வளர்ந்த மீனுக்கு அது போதும்.

இப்போது தண்ணீர். வெயில் காலத்தில் தொட்டி நீர் வற்றும், நாமும் மேலே ஊற்றிக்கொண்டே இருப்போம். அது நீர் மாற்றம் ஆகாது. வற்றிப் போவது வெறும் தண்ணீர்தான்; நைட்ரேட்டும் உப்பும் உள்ளேயே தங்கிச் சேர்கின்றன. போர் தண்ணீராக இருந்தால் ஒவ்வொரு முறையும் உப்பு கூடும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை வெளியே எடுங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் அது ஏறக்குறைய 12 முதல் 14 லிட்டர், ஒரு பக்கெட்கூட இல்லை. குழாயைக் கற்களுக்குள் குத்தி உறிஞ்சினால் அழுக்கும் சேர்ந்து வரும். எடுத்த அந்தத் தண்ணீரிலேயே ஸ்பான்ஞ்சை லேசாகப் பிழிந்து அலசுங்கள். ஊற்றும் நீரில் குளோரினை நீக்கும் மருந்து கலந்திருக்க வேண்டும்.

[திரையில்: பச்சைத் தேநீர் போன்ற நீர், மீன்கள் நிழலாகத் தெரிகின்றன.]

கண்ணாடி சுத்தமாக இருந்தும் நீரே பச்சையாகிவிட்டால், மிதக்கும் பாசி அது. விளக்கை அணைத்து மூன்று நாள் போர்வையால் மூடி, ஃபில்டரையும் ஏர் பம்ப்பையும் ஓடவிடுங்கள், தீனி வேண்டாம். பிறகு நீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். பாசிக்கொல்லி மருந்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். செம்பு கலந்தவை இறாலையும் நத்தையையும் கொல்லும். ஒரேயடியாகச் செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனும் குறையும்.

கடையில் 'டேங்க் கிளீனர்' என்று சக்கர் மீனைக் கொடுப்பார்கள். தயவுசெய்து சின்னத் தொட்டிக்கு வாங்காதீர்கள். விரல் நீளத்தில் வரும் அது ஓரடிக்கு மேல் வளரும், கழிவையும் கூட்டும். வளர்ந்ததும் ஏரியில் விடுகிறார்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பரவி, நாட்டு மீன்களுக்குத் தொல்லையாகிக் கிடக்கிறது.

அதற்குப் பதில் ஒரு கொத்து வேலம்பாசி வாங்குங்கள். பெயரில்தான் பாசி, உண்மையில் அது நீர்ச்செடி. வேகமாக வளர்ந்து, பாசிக்குப் போகவேண்டிய உரத்தைத் தான் உறிஞ்சிக்கொள்ளும்.

[திரையில்: பின்கண்ணாடியில் மெல்லிய பச்சைப் படலம். ஒரு கறுப்பு மோலி மீன் அதைக் கொத்திக்கொண்டே நகர்கிறது.]

நான் இப்போது முன்கண்ணாடியை மட்டும்தான் பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டுகிறேன். பின்பக்கத்தில் இருக்கும் இந்தப் பச்சை, மோலிகளுக்கு.